5 நாள் தாமதம், 50 நாள் வட்டி: கேஷ்பேக் கார்டு வைத்திருப்பவர்கள் படிக்க வேண்டிய கணக்கு

கேள்வி (9 ஆகஸ்ட் 2025)

ஜூன் 10-ம் தேதி ஆன்லைனில் 30,000 ரூபாய்க்கு ஃப்ரிட்ஜ் வாங்கினேன். 5% கேஷ்பேக் கார்டு, 1,500 ரூபாய் வந்தது. பில் தேதி ஜூலை 5, கட்ட வேண்டிய கடைசி தேதி ஜூலை 25. ஊரில் விசேஷம், ஓட்டத்தில் விட்டுப்போய்விட்டது. 30-ம் தேதி முழுப் பணத்தையும் கட்டிவிட்டேன். வட்டி மாதம் 3.75% என்று போட்டிருக்கிறார்கள். 5 நாளுக்கு 185 ரூபாய்தானே வர வேண்டும்? ஆகஸ்ட் 5 பில்லில் 1,849 ரூபாய் வட்டி. அது போக, ஜூலை 12-ல் வாங்கிய 8,000 ரூபாய் மளிகைக்கும் 237 வட்டி. தாமதக் கட்டணம் 1,100 தனி. வங்கி ஏமாற்றுகிறதா? கார்டை வெட்டிப் போட்டுவிடலாமா?

9 ஆகஸ்ட், மாலை

ஏமாற்றவில்லை. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

கடைசி தேதிக்குள் பில் தொகையை முழுசாகக் கட்டினால்தான் வட்டி கிடையாது. அந்தத் தேதி தாண்டிவிட்டால் வங்கி ஜூலை 25-லிருந்து எண்ணாது. நீங்கள் கார்டைத் தேய்த்த ஜூன் 10-க்கே போய்விடும். ஜூன் 10 முதல் ஜூலை 30 வரை 50 நாள். மாதம் 3.75 என்றால் வருடத்துக்கு 45%. 30,000-க்கு வருட வட்டி 13,500. அதை 365-ஆல் வகுத்து 50-ஆல் பெருக்கிப் பாருங்கள், 1,849 வரும்.

மளிகை 8,000 அடுத்த பில்லுக்கு உரியது, அதற்கு இன்னும் கடைசி தேதியே வரவில்லை என்று நினைத்திருப்பீர்கள். முந்தைய பில் பாக்கி நின்றால் புதுச் செலவுக்கும் வட்டியில்லாக் காலம் போய்விடும். ஜூலை 12 முதல் ஆகஸ்ட் 5 வரை 24 நாள், 237 ரூபாய். இதுவும் சரி.

இதன் மேல் 18% ஜி.எஸ்.டி. வட்டிக்கும் உண்டு, தாமதக் கட்டணத்துக்கும் உண்டு. 1,849, 237, 1,100 மூன்றும் சேர்த்து 3,186. வரி 573. ஆகமொத்தம் 3,759. கிடைத்த கேஷ்பேக் 1,500.

9 ஆகஸ்ட், இரவு

முக்கியமானதை விட்டுவிட்டேனே என்று திரும்ப வந்தேன். இந்த பில்லுக்குக் கடைசி தேதி ஆகஸ்ட் 25 என்று போட்டிருக்கும். அதுவரை காத்திருக்காதீர்கள். உங்கள் கார்டில் வட்டியில்லாக் காலம் இப்போது இல்லை. அந்த 8,000-க்குத் தினமும் கிட்டத்தட்ட 10 ரூபாய் வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. பில் தேதிக்குப் பிறகு வேறு ஏதாவது வாங்கியிருந்தால் அதையும் சேர்த்து, ஆப்பில் இன்றைய நிலுவை எவ்வளவு காட்டுகிறதோ அதை இன்றைக்கே கட்டிவிடுங்கள். அடுத்த இரண்டு பில் சுத்தமாக வரும்வரை இந்தக் கார்டைத் தொடாதீர்கள்.

அப்புறம், வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து தாமதக் கட்டணத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கேளுங்கள். இதுவரை ஒழுங்காகக் கட்டியவர், முதல் தடவை என்றால் கொடுப்பதுண்டு. வட்டியைத் திருப்புவது அபூர்வம். கேட்பதில் தவறில்லை.

கார்டை வெட்ட வேண்டாம். பிளாஸ்டிக்கை வெட்டினால் கணக்கு மூடாது, வருடக் கட்டணம் வந்துகொண்டுதான் இருக்கும்.

11 ஆகஸ்ட்

"ரிசர்வ் வங்கி 3 நாள் சலுகை கொடுத்திருக்கிறதே, 28-ம் தேதி கட்டியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி சரி. மீதிப் பாதியை நம்பி யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது.

2022 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி கார்டுகளுக்கான விதிகளைத் தொகுத்து வெளியிட்டது, ஜூலை 1-லிருந்து நடைமுறைக்கு வந்தது. அதன்படி கடைசி தேதி தாண்டி 3 நாளுக்கு மேல் பாக்கி நின்றால்தான் தாமதக் கட்டணம் போடலாம், கிரெடிட் ஸ்கோர் நிறுவனங்களுக்குத் தவணை தவறியதாகச் சொல்லலாம். அந்த 3 நாள் இந்த இரண்டுக்கும்தான். வட்டிக்கு அப்படி ஒரு சலுகையை விதி தரவில்லை. 28-ல் கட்டியிருந்தால் 1,100 மிச்சம். ஜூன் 10-லிருந்து 48 நாள் வட்டி 1,775 வந்தேதான் இருக்கும்.

இன்னொன்று. கூகுள் பே, போன்பே மாதிரி வேறு ஆப் வழியாகக் கட்டினால் பணம் கார்டுக் கணக்கில் ஏற ஒன்றிரண்டு நாள் ஆவதுண்டு. கடைசி நாள் ராத்திரி பதினொரு மணிக்கு அங்கே கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. வங்கியின் சொந்த ஆப்பில் கட்டுங்கள், இல்லாவிட்டால் நான்கு நாள் முன்னதாகக் கட்டுங்கள்.

12 ஆகஸ்ட்

எங்கள் பக்கம் கைமாற்று வாங்குகிறவர்கள் "இரண்டு வட்டி", "மூன்று வட்டி" என்று பேசுவார்கள். மூன்று வட்டி என்றாலே வீட்டில் பெரியவர்கள் வேண்டாம் என்பார்கள். கார்டு வட்டி மூணே முக்கால். ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 4.42, கிட்டத்தட்ட நாலரை வட்டி. அதைக் கேட்கிறவர் வாசலில் வந்து நிற்பதில்லை, குறுஞ்செய்திதான் வரும். அதனால் யாருக்கும் உறைப்பதில்லை.

மினிமம் டியூ, அதாவது இவ்வளவாவது கட்ட வேண்டும் என்று பில்லில் போடும் குறைந்தபட்சத் தொகை பற்றி. பாக்கி 50,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மாதம் 5%, அதாவது 2,500 மட்டும் கட்டுகிறார். ஒரு மாத வட்டி 1,875, வரி 337 ரூபாய் 50 காசு. கட்டிய 2,500-ல் 2,212 அங்கேயே போயிற்று. அசலில் குறைவது 287 ரூபாய்தான். இதற்கு நடுவில் ஒரு தடவை ஹோட்டலில் தேய்த்தால் அந்த 287-ம் போச்சு.

குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் தீர மாதங்கள், வருடங்கள் இழுக்கும், வட்டி கூடும் என்று பில்லில் எச்சரிக்கை போட வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கி விதி. உங்கள் பில்லை எடுத்துப் பாருங்கள், இருக்கும். எங்கே, எவ்வளவு பொடி எழுத்தில் என்பதையும் பாருங்கள்.

16 ஆகஸ்ட்

"கார்டுக்கு வருடம் 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்று தீர்ப்பு இருக்கிறது, வழக்குப் போடுங்கள்" என்று சொல்பவருக்கு: இருந்தது. 2008 ஜூலையில் தேசிய நுகர்வோர் ஆணையம் அப்படித்தான் சொன்னது. 30%-க்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிக முறை என்றது. வங்கிகள் மேல்முறையீடு செய்தன. 2024 டிசம்பர் 20-ம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. இன்றைய நிலையில் 45% சட்டப்படி செல்லும். எனக்கு இது பிடித்ததாகச் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய தீர்ப்பை நம்பிப் பணம் கட்டாமல் இருக்காதீர்கள் என்கிறேன்.

23 ஆகஸ்ட்

பில் பணம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி ஆட்டோ டெபிட் போட்டுவிட்டால் கவலையே இல்லை என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். நானும் அதைத்தான் எல்லோருக்கும் சொல்வேன். ஆனால் எங்கள் மாமா வீட்டில் நடந்ததைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

மாமா ஓய்வு பெற்றவர். பென்ஷன் வரும் வங்கியிலேயே ஒரு கார்டு கொடுத்தார்கள். ஆட்டோ டெபிட் படிவத்தை நிரப்பியது கார்டு விற்க வந்த பையன், மாமா கையெழுத்து மட்டும் போட்டார். மாதா மாதம் கணக்கில் பணம் எடுத்தார்கள். "உங்கள் பணம் பெறப்பட்டது, நன்றி" என்று குறுஞ்செய்தியும் வந்தது. அவர் பில்லைத் திறக்கவே இல்லை. எல்லாம் கட்டியாகிவிட்டது என்றுதான் யாராக இருந்தாலும் நினைப்பார்கள்.

ஒரு நாள் பெட்ரோல் பங்கில் கார்டு வேலை செய்யவில்லை என்று என்னிடம் கொண்டுவந்தார். பில்லை எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் மேலே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கட்டம். ஒன்றில் மொத்தத் தொகை 61,480. மற்றதில் குறைந்தபட்சத் தொகை 3,074. மாதம் பிடித்துக்கொண்டிருந்தது இரண்டாவது கட்டத்தில் உள்ளதை. படிவத்தில் "மொத்தம்", "குறைந்தபட்சம்" என்று இரண்டு சின்னச் சதுரம் உண்டு. டிக் விழுந்திருந்தது இரண்டாவதில். லிமிட் முழுக்க நிரம்பி நின்றது. அத்தை அதைக் கேட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய் மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்தார். அது இன்னும் என் மனசில் இருக்கிறது.

ஆகவே ஆட்டோ டெபிட் போடுங்கள், கட்டாயம் போடுங்கள். ஆப்பில் போய் "மொத்தத் தொகை" என்று இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். வீட்டில் அப்பா, மாமா, சித்தப்பா கார்டு வைத்திருந்தால் அவர்களுடையதையும் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. பிடிக்கும் நாளில் சேமிப்புக் கணக்கில் பணம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பிப் போனதற்கும் ஒரு கட்டணம் வரும்.

24 ஆகஸ்ட்

மாமாவுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள். வைப்பு நிதி ஒன்றை முறித்து முழுக்கக் கட்டினோம். வைப்பு நிதி தருவது வருடம் ஏழு சதவீதத்துக்குப் பக்கம், கார்டு எடுப்பது 45. யோசிக்க ஒன்றுமில்லை.

31 ஆகஸ்ட்

சரி, கேஷ்பேக்குக்கு வருவோம். கார்டே வேண்டாம் என்று நான் சொல்வதாகச் சிலர் புரிந்துகொண்டிருக்கிறார்கள். நான் இரண்டு கார்டு வைத்திருக்கிறேன், மாதச் செலவில் பெரும்பகுதி அதில்தான் போகிறது.

எவ்வளவு கிடைக்கும் என்பதை நிஜமாகக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். விளம்பரத்தில் 5% என்று இருக்கும். ஒரு வீட்டில் மாதம் 25,000 கார்டில் போகிறது, அதில் 5% கிடைக்கிற ஆன்லைன் செலவு 10,000, மீதிக்கு 1% என்று வையுங்கள். 500-ம் 150-ம் சேர்த்து மாதம் 650, வருடம் 7,800. வருடக் கட்டணம் 999, வரியோடு 1,179. கையில் நிற்பது 6,621. நல்ல பணம்தான், சும்மா வருகிறதை ஏன் விட வேண்டும்? ஆனால் கேள்வி கேட்டவருக்கு ஒரே மாதத்தில் போனது 3,759. வருஷத்து லாபத்தில் பாதிக்கு மேல்.

அடுத்து, எதற்கெல்லாம் கேஷ்பேக் கிடையாது என்ற பட்டியல். அது ஒவ்வொரு வருடமும் நீள்கிறது. எஸ்.பி.ஐ. கேஷ்பேக் கார்டு 2022 செப்டம்பரில் வந்தபோது ஆன்லைனில் எங்கே வாங்கினாலும் 5% என்று ஊரெல்லாம் பேச்சு. 2023 மே 1-லிருந்து நகை, பள்ளிக் கட்டணம், இன்சூரன்ஸ், மின்சாரம் போன்ற பில்கள் எல்லாம் கழன்றுகொண்டன. ஒரு பில்லுக்குக் கிடைக்கும் கேஷ்பேக்கின் உச்சவரம்பு 10,000-லிருந்து 5,000 ஆயிற்று. வாடகையைக் கார்டில் கட்டினால் 1% கட்டணம் என்று 2022 அக்டோபரில் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி தொடங்கியது, அப்புறம் மற்ற வங்கிகளும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. நம் வீட்டுச் செலவில் பெரியது எது? மின்சார பில், பிள்ளைகள் ஃபீஸ், இன்சூரன்ஸ் பிரீமியம், ஆடியில் சேர்த்து ஐப்பசியில் வாங்கும் நகை. கேஷ்பேக் கிடையாது என்ற பட்டியலில் இருப்பவை இவைதான்.

வருடக் கட்டணமே இல்லாத கார்டு ஒன்று முதலில் வைத்துக்கொள்வது நல்லது. அமேசான் பே ஐ.சி.ஐ.சி.ஐ. கார்டு 2018-லிருந்து அப்படித்தான் இருக்கிறது. பிரைம் உறுப்பினருக்கு அமேசானில் 5%, மற்றவருக்கு 3%, வெளியில் பெரும்பாலும் 1%. இப்படிக் கட்டணமில்லாத கார்டில் ஆறு மாதம் பழகி, பில்லைத் தவறாமல் கட்டுகிறோமா என்று பார்த்துவிட்டு மேலே போகலாம்.

7 செப்டம்பர்

கேட்டவர் எழுதியிருக்கிறார்: 9-ம் தேதி இரவே கட்டியும் செப்டம்பர் பில்லில் 39 ரூபாய் வட்டி வந்திருக்கிறதாம். அது ஆகஸ்ட் 5 முதல் 9 வரை 4 நாளுக்கு, 8,000-க்கு. பில் போட்ட தேதிக்கும் நீங்கள் கட்டிய தேதிக்கும் நடுவில் ஓடிய வால். அதையும் வரியோடு கட்டிவிடுங்கள். 39 ரூபாய்தானே என்று விட்டால் மறுபடி பாக்கி உள்ளவர் ஆகிவிடுவீர்கள், புதுச் செலவுக்கும் வட்டியில்லாக் காலம் திரும்பாது.

பலர் மாட்டுவது இந்த இடத்தில்தான். பெரிய தொகையைக் கட்டி முடித்த நிம்மதியில் இந்தச் சின்னத் தொகை கண்ணில் படாமல் போகிறது.

8 செப்டம்பர்

ஆகஸ்ட் 31-ல் எழுதியதைப் பற்றி ராத்திரி யோசித்தேன். அந்தக் கணக்கு மாதச் சம்பளக்காரருக்குப் பொருந்தும். வாரக் கூலி வாங்குபவர், சீசன் வியாபாரம் செய்பவர், கமிஷனில் ஓடுபவர், இவர்களுக்கு அதே யோசனையை நான் சொல்ல மாட்டேன். வருமானம் எந்த வாரம் வரும் என்று தெரியாதவருக்குக் கடைசி தேதி மட்டும் மாறாமல் வந்து நிற்கும். ஆட்டோ டெபிட் போட்டாலும் கணக்கில் பணம் இருக்காது. அவர்களுக்கு டெபிட் கார்டும் யு.பி.ஐ.யும் போதும். வருடம் ஆறாயிரம் கேஷ்பேக்குக்காக இந்தத் தலைவலி வேண்டாம்.

சம்பளக்காரர்கள் பில் தேதியை மாற்றிக்கொள்ளலாம். ஒரு தடவையாவது மாற்ற அனுமதிக்க வேண்டும் என்பதும் விதி. சம்பளம் 1-ம் தேதி என்றால் கடைசி தேதி 5 முதல் 10-க்குள் விழுகிற மாதிரி கேட்டு வாங்குங்கள். மாதக் கடைசியில் விழுந்தால் ஒவ்வொரு தடவையும் மூச்சு முட்டும்.

இன்னொரு உபயோகமும் உண்டு. பில் தேதிக்கு மறுநாள் வாங்கும் பொருளுக்கு 50 நாள்வரை அவகாசம் கிடைக்கும், பில் தேதிக்கு முந்தின நாள் வாங்கினால் 21 நாள்தான். பெரிய பொருள் வாங்கும்போது இரண்டு நாள் பொறுத்து வாங்கினால் ஒரு மாதம் கூடுதலாகக் கிடைக்கிறது. வட்டி இல்லாமல் வங்கிப் பணத்தை வைத்துக்கொள்ள நேர்மையான வழி இது ஒன்றுதான்.

14 செப்டம்பர்

"கொஞ்சம் பாக்கி வைத்தால்தான் சிபில் ஸ்கோர் ஏறும்."

இல்லை. இல்லவே இல்லை. இதை யார் கிளப்பிவிட்டார்கள் என்று தெரியவில்லை, ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் வரை நம்புகிறார்கள். நேரத்துக்குக் கட்டியிருக்கிறீர்களா, லிமிட்டில் எவ்வளவு பங்கு உபயோகிக்கிறீர்கள் என்பதெல்லாம்தான் ஸ்கோரைத் தூக்கும், இறக்கும். முழுசாகக் கட்டுவதால் ஸ்கோர் குறையாது. பாக்கி வைப்பதால் ஏறாது. லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் உபயோகம் இருந்தால் நல்லது என்பார்கள். அதற்கு மேல் போகிற மாதத்தில் பில் போடும் முன்பே ஒரு பகுதியைக் கட்டிவிடலாம். உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டை ஒவ்வொரு கிரெடிட் ஸ்கோர் நிறுவனத்திடமும் வருடம் ஒரு முறை இலவசமாக வாங்கிப் பார்க்கலாம். 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது தகவல் கொடுக்க வேண்டும் என்பதால் மாற்றம் சீக்கிரம் தெரியும்.

கார்டில் ஏ.டி.எம்.மில் பணம் எடுப்பது பற்றியும் கேட்டிருந்தார்கள். எடுக்காதீர்கள். எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி, மேலே கட்டணம்.

28 செப்டம்பர்

பண்டிகை விற்பனை தொடங்கிவிட்டது, "நோ காஸ்ட் இ.எம்.ஐ." என்ற வட்டியில்லாத் தவணை பற்றிய கேள்விகள் வரிசையாக வருகின்றன.

ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. இப்போது நடப்பது இதுதான்: வங்கி வட்டி போடுகிறது. அந்த வட்டி அளவுக்குக் கடை விலையில் தள்ளுபடி தருகிறது. ஆனால் வட்டியின் மேல் 18% ஜி.எஸ்.டி. உங்கள் தலையில். செயலாக்கக் கட்டணம் என்று 199 அல்லது அதற்குப் பக்கத்தில், அதற்கும் வரி. பல கார்டுகளில் இ.எம்.ஐ.யாக மாற்றிய செலவுக்குக் கேஷ்பேக்கும் கிடையாது. 30,000 ரூபாய்ப் பொருளுக்கு 1,500 கேஷ்பேக்கை விட்டுவிட்டு, மேலே சில நூறு கொடுக்கிறீர்கள். அப்படியும் கையில் மொத்தப் பணம் இல்லாதவருக்கு, பில்லைப் பாக்கி வைப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். நாலரை வட்டியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. பணம் இருப்பவர் இ.எம்.ஐ. போடுவதற்குத்தான் காரணம் தெரியவில்லை.

தள்ளுபடி முடிய மூன்று மணி நேரம்தான் என்று கடிகாரம் ஓடுவதைப் பார்த்து வாங்கிய பொருள் எங்கள் தெருவில் எத்தனையோ வீட்டுப் பரணில் கிடக்கிறது. 10% வங்கிச் சலுகை கிடைத்தது என்பவரிடம், மீதி 90% எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும்.

5 அக்டோபர்

ரூபே கார்டை யு.பி.ஐ.யில் சேர்ப்பது பற்றி. 2022 செப்டம்பரில் இது வந்தது. கடைக்காரர் க்யூ.ஆரில் கட்டலாம், தனி ஆளுக்கு அனுப்ப முடியாது. நான் உபயோகிக்கிறேன், வசதியாக இருக்கிறது. ஆனால் ஸ்வைப் செய்யும்போது இருக்கிற ஒரு நிதானம் இதில் இல்லை. டீக்கு 15, பூவுக்கு 40, காய்கறிக்கு 180 என்று போய்க்கொண்டே இருக்கும். மாதக் கடைசியில் பில் மூன்று பக்கம். வாரம் ஒரு முறை, எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆப்பைத் திறந்து அதுவரை ஆனதைக் கட்டிவிடுவது வழக்கம். பில் போடும் முன்பே கட்டலாம், தடையில்லை. கேஷ்பேக்கும் குறையாது.

13 அக்டோபர்

ஒருவர் தனியாக எழுதியிருந்தார். மூன்று கார்டு, மொத்தம் இரண்டு லட்சத்துக்குப் பக்கம் பாக்கி, ஒன்றின் மினிமத்தை இன்னொன்றிலிருந்து எடுத்துக் கட்டுகிறார். பெயர் சொல்லாமல் இங்கேயே பதில் சொல்கிறேன், மற்றவருக்கும் உதவும்.

முதலில் மூன்று கார்டையும் எல்லா ஆப்பிலிருந்தும் எடுத்துவிடுங்கள். வீட்டில் சொல்லுங்கள். இது கஷ்டம், தெரியும். ஆனால் வீட்டில் தெரியாமல் இதிலிருந்து வெளியே வந்தவரை நான் பார்த்ததில்லை. பீரோவில் நகை இருந்தால் வங்கியில் நகைக்கடன் வாங்கி மூன்றையும் ஒரே நாளில் அடையுங்கள். வங்கியில் நகைக்கடன் வட்டி கார்டு வட்டியில் நான்கில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். என் சித்தி மகன் இப்படித்தான் வெளியே வந்தான். அவன் மனைவி வளையலைக் கழற்றிக் கொடுத்தபோது மறுபடி கார்டு எடுக்கக் கூடாது என்று ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டாள். வளையல் திரும்பி வந்துவிட்டது.

நகை இல்லையென்றால் தனிநபர் கடன். அதுவும் கிடைக்காவிட்டால் கார்டு வங்கியிடமே பாக்கியை இ.எம்.ஐ.யாக மாற்றக் கேளுங்கள், வருடம் 15, 18% வந்தாலும் 45-க்கு அது மேல். பணம் பிரித்துக் கட்டத்தான் முடியும் என்றால் எல்லாவற்றுக்கும் மினிமம் கட்டிவிட்டு, மீதி முழுவதையும் வட்டி அதிகமான கார்டில் போடுங்கள். "செட்டில்மென்ட்" என்று பாதிப் பணத்துக்குப் பேசி முடிப்பதைக் கடைசி வழியாக வையுங்கள். ரிப்போர்ட்டில் அது வருடக்கணக்கில் நிற்கும், வீட்டுக்கடன் கேட்கப் போகும்போது எதிரே வந்து நிற்கும்.

26 அக்டோபர்

தீபாவளித் துணி அளவு சரியில்லை, திருப்பிக் கொடுத்தாயிற்று, பணமும் கார்டுக்கு வந்துவிட்டது, இனி அந்தத் தொகையைக் கழித்துக் கட்டினால் போதுமா என்று கேள்வி.

விதிப்படி, கடைசி தேதிக்கு முன் வந்த ரீஃபண்டை, பணம் இன்னும் கட்டாத பட்சத்தில், உடனே கட்ட வேண்டிய தொகையில் கழித்து உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆப்பில் கட்ட வேண்டிய தொகை குறைந்து காட்டினால் அதைக் கட்டுங்கள். குறையவில்லையென்றால் நீங்களாகக் கழிக்க வேண்டாம். பில்லில் உள்ளதை முழுசாகக் கட்டிவிடுங்கள். கூடுதலாகக் கட்டியது அடுத்த பில்லில் வரவாக இருக்கும், எங்கும் போகாது. குறைத்துக் கட்டி, அவர்கள் கணக்கில் பாக்கி என்று விழுந்தால் மேலே எழுதிய கதை முழுக்கத் திரும்ப நடக்கும். திருப்பிய பொருளுக்கு வந்த கேஷ்பேக்கையும் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், அதைப் பார்த்துப் பதறாதீர்கள்.

9 நவம்பர்

கேட்டவர் அக்டோபர், நவம்பர் இரண்டு பில்லும் வட்டி இல்லாமல் வந்ததாக எழுதியிருக்கிறார். சந்தோஷம். தாமதக் கட்டணம் 1,100-ஐயும் அதன் வரியையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். வட்டி திரும்பவில்லை. இனி அந்தக் கார்டைத் தாராளமாக உபயோகிக்கலாம், ஆட்டோ டெபிட் "மொத்தத் தொகை"யில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு.

அவர் மனைவி பெயரில் சும்மா கிடக்கும் இன்னொரு கார்டை மூட வேண்டுமாம். மூடுவதற்கு முன் சேர்ந்திருக்கும் கேஷ்பேக்கை எடுத்துக்கொள்ளுங்கள், மூடியபின் கிடைக்காமல் போகலாம். பாக்கி ஒரு ரூபாய்கூட இல்லாமல் கட்டிவிட்டு, ஆப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் கேளுங்கள். போனில் மட்டும் சொன்னால் "இன்னும் நல்ல ஆஃபர் தருகிறோம்" என்று இழுப்பார்கள். பாக்கி இல்லாத கார்டை 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் அவர்கள் உங்களுக்குத் தர வேண்டும் என்று அதே 2022 விதியில் இருக்கிறது. மின்னஞ்சலில் இந்த வரியையும் சேர்த்து எழுதுங்கள், வேலை வேகமாக நடக்கும். 30 நாளாகியும் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்பட்ஸ்மேனிடம் ஆன்லைனில் புகார் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. வழி தெரியாவிட்டால் 14448-க்குப் போன் செய்யுங்கள்.

10 நவம்பர்

மூடியதற்கான கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் கழித்து ரிப்போர்ட்டில் அந்தக் கணக்கு "மூடப்பட்டது" என்று வந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.